குடிநோய்ச் சிகிச்சையில் சூதுநோயைக் கண்டறியும் முறை

குடிநோய்க்குச் சிகிச்சை பெற வரும் ஒருவருடைய மூச்சில் வாடை உண்டு. கைவிரல்களில் நடுக்கம் உண்டு. இரத்தத்தைச் சோதித்தால் கல்லீரலின் நிலை தெரிந்துவிடும். அபினி, கஞ்சா முதலியவற்றைச் சிறுநீர்ச் சோதனை காட்டிக் கொடுக்கும். சூதாட்டத்திற்கோ வாடை இல்லை, நடுக்கம் இல்லை. அதனைக் காட்டும் இரத்தச் சோதனையும் இல்லை. நோயாளி தாமாக அதைச் சொல்வதும் அரிது. ஏனெனில் அவர் குடிக்காகவே அழைத்து வரப்பட்டிருக்கிறார். குடியைப் பற்றியே எல்லோரும் வினவுகின்றனர். ஆகவே சூதுநோயைக் கண்டறிவதற்குரிய கருவி கேள்வி ஒன்றே. அக்கேள்வியை எப்போது, எந்தச் சொற்களால் கேட்பது, விடை கிடைத்தபின் யாது செய்வது என்பன இப்பாடத்தின் பொருளாகும்.

எடுத்துக்காட்டாக, அம்பர்நாத்தில் வாழும் ஒரு தொழிலாளியைக் கற்பனையாகக் கொள்ளலாம். அம்பர்நாத், மும்பையிலிருந்து செல்லும் மத்திய ரயில் பாதையில் கல்யாணுக்கு அப்பால் மூன்றாவது நிலையம். 1060-ஆம் ஆண்டைச் சேர்ந்த கற்கோயிலாலும், தீப்பெட்டித் தொழிலாலும், படைக்கலத் தொழிற்சாலையாலும் பெயர்பெற்ற ஊர். இத்தொழிலாளி பதினைந்து ஆண்டுகள் குடித்தவர். ஒரு மாதம் மருத்துவ மனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, குடியை அறவே விட்டு வீடு திரும்புகிறார். மூன்று மாதங்கள் கழிகின்றன. குடி இல்லை, ஆயினும் சம்பளம் வீடு வந்து சேரவில்லை. மனைவியின் வளையல் அடகுக் கடையிலேயே இருக்கிறது. நான்காம் மாதத்தில் அவர் மீண்டும் குடிக்கிறார். பதிவேட்டில் "சிகிச்சை பயன்படவில்லை" என எழுதப்படுகிறது. ஆனால், குடிக்குரிய சிகிச்சை பயன்படவே செய்தது. குடி நின்றதனால் மிஞ்சிய பணம் சென்ற வழியை எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை. இழந்த பணத்தின் சுமையே அவரை மீண்டும் மதுக்கடைக்கு இட்டுச் சென்றது. இத்தகைய நிலை பணியாளர் பலருக்கும் அறிமுகமானதே.

பம்பாய்ப் பகுதியின் சூதுக்குத் தனி வரலாறு உண்டு. அதை அறியாதவர் அங்கே சரியான கேள்வியைக் கேட்க இயலாது. நியூயார்க் நகரத்துப் பருத்திச் சந்தையின் விலை நாள்தோறும் தந்திவழியாகப் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. சந்தை தொடங்கும்போது உள்ள விலை, முடியும்போது உள்ள விலை ஆகியவற்றின் எண்களைப் பற்றி மக்கள் பந்தயம் கட்டினர். பருத்தியைக் கண்ணால் காணாதவரும் பருத்தி விலைமீது காசு வைத்தனர். 1961-இல் அவ்விலைச் செய்தி நின்றுபோயிற்று. பந்தயம் நிற்கவில்லை. 1962-இல் ஒர்லியில் கல்யாண்ஜி பகத் என்பவரும், 1964-இல் ரத்தன் கத்ரி என்பவரும், எண்களைத் தாமே எடுத்து அறிவிக்கும் முறையைத் தொடங்கினர். எண் எழுதிய துண்டுகளை மண்பானையில் இட்டு எடுத்ததனால் அதற்கு மட்கா என்று பெயர் வந்தது. பின்னர் பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. கல்யாண் மட்கா என்ற பெயர் அம்பர்நாத்தின் அருகிலுள்ள கல்யாண் நகரைக் குறித்தது எனப் பலர் கருதுகின்றனர். அது கல்யாண்ஜியின் பெயரால் வந்தது.

பரேல், லால்பாக் ஆலைத் தொழிலாளரே அதன் பெருந்தொகையான வாடிக்கைக்காரர். ஆலை வாயிலின் அருகிலேயே எண் எழுதுபவர் அமர்ந்திருப்பார். 1982-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்திற்குப்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எண் எழுதும் பழக்கமோ ஆலைகளோடு அழிந்துவிடவில்லை.

ஆட்டத்தின் அமைப்பு மிக எளிது. 0 முதல் 9 வரை உள்ள எண்களில் மூன்று எடுக்கப்படும். அவற்றைக் கூட்டி, வரும் தொகையின் கடைசி இலக்கம் மட்டும் கொள்ளப்படும். 3, 5, 9 என வந்தால் கூட்டுத்தொகை 17. ஆகவே இலக்கம் 7. இது ஓப்பன் எனப்படும். சில மணி நேரம் கழித்து இவ்வாறே எடுக்கப்படும் இரண்டாவது இலக்கம் குளோஸ். இரண்டும் சேர்ந்தது ஜோடி. ஓர் இலக்கத்தைச் சரியாகச் சொன்னவருக்கு வழக்கமாக 9 மடங்கும், ஜோடியைச் சரியாகச் சொன்னவருக்கு 90 மடங்கும் தரப்படும்.

இது எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடிய கணக்கு. பத்து இலக்கங்களுள் ஒன்று வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று. கிடைப்பதோ ஒன்பது மடங்கு. நூறு ஜோடிகளுள் ஒன்று வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. கிடைப்பதோ 90 மடங்கு. எதில் ஆடினாலும், எண்கள் நேர்மையாகவே எடுக்கப்பட்டாலும், வைத்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 10 ரூபாய் நடத்துபவருக்குச் சேரும். பத்து ரூபாய் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஆடுபவர் வென்ற பணத்தை வீட்டிற்குக் கொண்டு செல்வதில்லை. அதையே மீண்டும் வைக்கிறார். சராசரிக் கணக்கின்படி, ஏழு சுற்றில் கைப்பணம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 22 சுற்றில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிடும். இடையில் ஓரிரு நாள் பெருந்தொகை வருவதும் உண்டு. நோய்க்கு வித்திடுவது அந்நாளே. எப்போது பரிசு வரும் என்பது தெரியாத நிலையில் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் மற்றெல்லாப் பழக்கங்களையும்விட உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்பதை, பறவைகளையும் எலிகளையும் கொண்டு ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் காட்டியிருக்கிறார். 47 என எழுதியவருக்கு 46 வந்தால் அவர் அதைத் தோல்வியாகக் கருதுவதில்லை. "நெருங்கிவிட்டேன்" என்று கருதுகிறார். 46-உம் 12-உம் அவருக்கு ஒரே அளவான தோல்வியே என்பதைக் கணக்கு சொல்லும், மூளை ஏற்பதில்லை. வெற்றியின்போது கிளர்ச்சியுறும் மூளைப் பகுதிகள், நூலிழையில் தவறிய தோல்வியின்போதும் கிளர்ச்சியுறுகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

இன்று பானையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ரம்மி, கிரிக்கெட் பந்தயம், வண்ணங்களைக் கணிக்கும் ஆட்டம் எனப் பல வடிவங்களில் சூது படுக்கையறை வரை வந்துவிட்டது. மட்கா ஒரு நாளில் சில முறையே எடுக்கப்பட்டது. கைப்பேசி ஆட்டமோ ஒரு நிமிடத்தில் முடிந்து மறு நிமிடத்தில் தொடங்குகிறது. முன்னர் கூறிய 22 சுற்றுக்கு அங்கே அரை மணி நேரம் போதும். சட்டங்களும் இல்லாமல் இல்லை. பம்பாய் மாகாணத்தின் சூதாட்டத் தடைச் சட்டம் 1887-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 2003-இல் பரிசுச் சீட்டு விற்பனை தடுக்கப்பட்டது. இணைய ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து, 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே புதிய சட்டமும் நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றிற்று. எனினும் சட்டம் கடையை மூடலாம். நோயை ஆற்றுவது அதன் வேலையன்று. கடை மூடப்பட்டபின் நோயாளி அதை மேலும் மறைவாகச் செய்யக்கூடும் என்பதனைப் பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டும்.

சூதினை நோய் என்று கூறலாமா என்ற ஐயம் சிலருக்கு எழும். திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94-ஆம் அதிகாரம் சூது, 95-ஆம் அதிகாரம் மருந்து. மூன்றும் அடுத்தடுத்து நிற்பது கருதத்தக்கது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில் சூதுநோயைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் திருட்டு வெறி, தீவைக்கும் வெறி முதலியவற்றோடு அதை வைத்தது. மதுவுக்கும் போதைப் பொருள்களுக்கும் உரிய அதிகாரத்திற்கு அது மாற்றப்பட்டது 2013-இல்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது நோய்ப்பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது அதுவும் சூதுநோயைப் பழக்கத்தால் வரும் அடிமைநோயாக ஏற்றுக்கொண்டது. இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. அளவு கூடிக்கொண்டே போதல், நிறுத்தினால் அமைதியின்மை, விட முயன்று தோற்றல், பொய், குடும்பத்திற்கும் தொழிலுக்கும் கேடு ஆகியவை இரண்டிற்கும் பொது. ஒன்று மட்டும் சூதுக்கே உரியது: இழந்த பணத்தை ஆடியே மீட்க முயலுதல். தமிழில் இதனை "விட்டதைப் பிடித்தல்" என்பர். குடித்து இழந்த உடல்நலத்தை மீண்டும் குடித்துப் பெறலாம் என எந்தக் குடிநோயாளியும் நம்புவதில்லை. சூதுநோயாளியோ அவ்வாறே நம்புகிறார். சிகிச்சைக்கு இந்நம்பிக்கை பெருந்தடையாக நிற்கிறது.

இரண்டு நோய்களும் ஒருவரிடமே காணப்படுவது தற்செயலன்று. நியூயார்க் மாநிலத்திலுள்ள சவுத் ஓக்ஸ் மருத்துவ மனையில் குடிக்கும் போதைப் பொருளுக்கும் சிகிச்சை பெற்ற 458 பேரைப் பற்றிய ஆய்வு 1986-இல் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 9 பேர் தெளிவான சூதுநோயாளிகள். மேலும் நூற்றுக்கு 10 பேரிடம் அதன் அறிகுறிகள் இருந்தன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிடப்பட்ட கணிப்பு, போதைச் சிகிச்சையில் உள்ளோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்குச் சூதுநோய் இருக்கலாம் என்கிறது. பொதுமக்களிடையே இவ்வளவில் ஒரு சிறு பகுதியே காணப்படும். இந்தியாவில் 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு மதுவையும் போதைப் பொருள்களையும் விரிவாக அளந்தது. சூது அதன் எல்லைக்குள் வரவில்லை. ஆதலின் இங்குள்ள ஒவ்வொரு நிலையமும் தன் நோயாளிகளைத் தானே கேட்டறிய வேண்டியுள்ளது.

கேட்பதற்குரிய வினாத்தாள்கள் பல உண்டு. மேற்கூறிய சவுத் ஓக்ஸ் மருத்துவ மனையில் உருவாகி 1987-இல் வெளியான தாளில் 20 கேள்விகள். 5 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் நோய் இருக்கலாம் எனக் கொள்வர். அது போதைச் சிகிச்சை பெறுவோரிடமே பிறந்தது என்னும் சிறப்புடையது, ஆனால் நீளமானது, வாழ்நாள் முழுவதையும் கேட்பதனால், என்றோ ஆடி விட்டவரையும் நோயாளி என்றுவிடும். கனடாவில் 2001-இல் அமைந்த தாளில் 9 கேள்விகள். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 8-ஐத் தொட்டால் கடுமையான நிலை எனப் பொருள். படிவங்கள் ஏற்கெனவே நிறைந்துள்ள நிலையங்களில் இத்தகைய நீண்ட தாள்கள் மேசை இழுப்பறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆகவே களப்பணிக்குக் குறுந்தாள்களே ஏற்றவை.

அவற்றுள் மிகச் சிறியது இரண்டே கேள்விகளைக் கொண்டது. மேன்மேலும் கூடுதலான பணம் வைக்க வேண்டும் என்ற உந்துதல் எப்போதாவது ஏற்பட்டதா என்பது ஒன்று. எவ்வளவு ஆடுகிறோம் என்பது பற்றி வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா என்பது மற்றொன்று. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மேலும் விசாரிக்க வேண்டும். மற்றொரு தாள் 2010-இல் அமைக்கப்பட்டது. கடந்த 12 மாதங்களைப் பற்றி மட்டும் மூன்று கேள்விகள் கேட்கிறது. ஆட்டத்தை நிறுத்தவோ குறைக்கவோ முயன்றபோது எரிச்சலோ அமைதியின்மையோ தோன்றியதா? எவ்வளவு ஆடுகிறார் என்பதைக் குடும்பத்தாரும் நண்பர்களும் அறியாதவாறு மறைத்தாரா? ஆட்டத்தினால் ஏற்பட்ட பணமுடையால் அன்றாடச் செலவுக்குப் பிறரிடம் உதவி பெற நேர்ந்ததா? இதிலும் ஒரு "ஆம்" போதும். சமீப காலத்தைக் கேட்பதனாலும், எளிதில் மனத்திற் கொள்ளத்தக்கதாலும், போதைச் சிகிச்சை நிலையங்களுக்கு இம்மூன்று கேள்விகளே மிகவும் பொருந்தும் எனலாம். ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: முதற்கேள்வியிலுள்ள எரிச்சல், குடியை விட்ட முதல் வாரத்தில் எல்லோருக்கும் உள்ளதே. அவ்வாரத்தில் வரும் "ஆம்" எதனால் வந்தது என்பதைப் பிரித்தறிவது கடினம்.

மேல்நாட்டுத் தாளை அப்படியே தமிழாக்கிப் படித்துக் காட்டினால் பயன் விளையாது. மொழிபெயர்ப்பில் இடறும் முதற்சொல் "சூதாட்டம்" என்பதே. "நீங்கள் சூதாடுவதுண்டா?" என்று கேட்டால், மட்கா எழுதுபவர் "இல்லை" என்பார். அவரைப் பொறுத்தவரை அது "நம்பர்". ரம்மி ஆடும் இளைஞரும் "இல்லை" என்பார், அது "கேம்". கிரிக்கெட்டில் பணம் வைப்பவருக்கு அது விளையாட்டறிவு. பரிசுச் சீட்டு வாங்குபவருக்கு அது அதிருஷ்டம். சூது என்ற சொல் பாண்டவர் கதையோடும் பழியோடும் பிணைந்தது. அதைத் தம்மீது ஏற்றிக்கொள்ள எவரும் விரும்பார். நால்வரும் பொய் சொல்லவில்லை என்பதை ஓர்க. கேள்விதான் அவர்களுக்குரியதாக இல்லை.

இரண்டாவதாக இடறும் சொல் "சீட்டு". தமிழில் சீட்டுப் போடுதல் என்பது மாதந்தோறும் பணம் கட்டிச் சேமிக்கும் முறை. மும்பைத் தமிழரிற் சிலர் மராத்தியர் வழக்கைப் பின்பற்றி அதனைப் பிஷி என்றும் சொல்வர். சீட்டாடுதல் வேறு, பரிசுச் சீட்டு வேறு. "சீட்டில் எவ்வளவு போடுகிறீர்கள்?" என்று கேட்ட பணியாளருக்கு மாதம் 2,000 ரூபாய் என்று விடை வந்தால், அது சேமிப்பா இழப்பா என்பது விளங்காது. அம்பர்நாத்திலிருந்து மும்பைக்குச் செல்லும் ரயிலில் சீட்டுக்கட்டை எடுத்து வைத்து ஆடிச் செல்லும் கூட்டங்களைக் காணலாம். அவர்களிற் பலர் ஒரு காசும் வைப்பதில்லை. ஒரு மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயணத்தை அவ்வாறு கழிக்கின்றனர். அவர்களையெல்லாம் நோயாளிகளாக எண்ணுவது மடமை. எனவே பொருளின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, பணம் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேட்கும் தோரணையும் அவ்வாறே. தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் மிகுதி. அத்தகைய குடும்பத்து மூத்தவரிடம், "அண்ணாச்சி, நம்ம ஆளுங்க பலபேர் நம்பர் எழுதுறாங்க, சிலபேர் போன்ல ரம்மி ஆடுறாங்க, சிலபேர் மேட்ச்ல காசு வைக்கிறாங்க. நீங்க இதுல எது எது செஞ்சிருக்கீங்க?" என்று கேட்பது "ஆடுவீர்களா?" என்று கேட்பதினும் மேலானது. பலரும் செய்வதாகச் சொல்வதனால் வெட்கம் குறைகிறது. "எது எது" என்பதனால் "இல்லை" என்று ஒரே சொல்லில் தட்டிக் கழிக்க இயலாது போகிறது. அடுத்து, "கடைசியா எப்போ?" என்றும், "அன்னிக்கு எவ்வளவு வெச்சீங்க?" என்றும், "விட்டதைப் பிடிக்கணும்னு மறுநாள் போனதுண்டா?" என்றும் கேட்கலாம். "விட்டதைப் பிடித்தல்" என்னும் சொல்லைக் கேட்டவுடன், அதுவரை மறுத்துக்கொண்டிருந்தவரும் தலையசைப்பதுண்டு. குறுந்தாளின் மூன்று கேள்விகளும் இதன் பின்னர் வந்தால் அவற்றுக்கு உண்மையான விடை கிடைக்கும்.

மட்கா சட்ட விரோதமானது. ஆதலின் காவல் நிலையத்தைப் பற்றிய அச்சம் நோயாளியின் மனத்தில் இருக்கும். சிகிச்சையிற் சொன்னவை வெளியே செல்லா என்பதை முதலிலேயே கூற வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளிக்கு இவ்வுரிமையை அளிக்கிறது. மனைவியோ தாயோ உடனிருக்கும்போது இக்கேள்விகளைக் கேட்கலாகாது. குறுந்தாளின் ஒரு கேள்வியே குடும்பத்தாரிடம் மறைத்தது பற்றியது அல்லவா? நோயாளியின் இசைவு பெற்று, குடும்பத்தாரைத் தனியே வேறொரு வகையில் கேட்கலாம். "அக்கா, அவர் குடியை விட்டபின் சம்பளம் முழுதும் வீட்டுக்கு வருகிறதா?" என்ற ஒரே கேள்வி பல தாள்களுக்குச் சமம். கடன் சங்கத்தில் வாங்கிய கடன், வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த முன்பணம், வட்டிக்காரரிடம் அடகாகிய வங்கி அட்டை ஆகியவை பற்றிய விவரங்களும் இவ்வுரையாடலில்தான் வெளிவரும்.

"ஆம்" என்ற விடை கிடைத்தால் நோய் உறுதியாயிற்றா? இல்லை. இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கும் உதவக்கூடிய ஒரு கணக்கு உண்டு. நோயுள்ளவரில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கும், நோயற்றவரில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு தாள் இருப்பதாகக் கொள்ளலாம். போதைச் சிகிச்சை பெறும் 1,000 பேரில் 140 பேருக்கு நோய் உண்டெனில், தாள் 126 பேரைப் பிடிக்கும்; நோயற்ற 860 பேரில் 86 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, அகப்பட்ட 212 பேரில் 126 பேர், அதாவது ஐவரில் மூவர் ஏறத்தாழ, உண்மையான நோயாளிகள். இதே தாளை நூற்றுக்கு ஒருவருக்கே நோயுள்ள 1,000 பேரிடம் கொடுத்தால், 9 உண்மை நோயாளிகளோடு 99 பேர் தவறாக அகப்படுவர். பன்னிருவரில் ஒருவரே நோயாளி. தாள் மாறவில்லை, கூட்டம் மாறிற்று. சிகிச்சை நிலையத்தில் எல்லோரையும் கேட்பது ஏன் தகும் என்பதும், பள்ளியில் ஒரு வகுப்பு முழுவதற்கும் தாளைக் கொடுத்து "ஆம்" என்றவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது ஏன் தகாது என்பதும் இதனால் விளங்கும்.

மாணவரிடையே சூது இல்லை என்பது இதன் பொருளன்று. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஐவரில் ஒருவர் ஏறத்தாழ ஏதேனும் ஒருமுறை பணம் வைத்து ஆடியதாகவும், நூற்றுக்கு 7 பேருக்குமேல் அது தொல்லை தரும் அளவில் இருந்ததாகவும் கண்டனர். ஆசிரியர் செய்யத்தக்கது, மேலே தந்த ஓப்பன், குளோஸ் கணக்கை நிகழ்தகவுப் பாடத்தில் செய்து காட்டுவது. பத்துத் துண்டுத் தாள்களும் ஒரு மண்சட்டியும் இருந்தால் போதும். காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடச் செய்து, 22 சுற்றின் முடிவில் எவரிடம் எத்தனை மீந்தன என்று எண்ணச் செய்யலாம். வகுப்பில் ஓரிருவர் நிறைய வென்றிருப்பர். அவர்களைப் பற்றியே மற்றவர் பேசுவர். அதையும் பாடத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

சிகிச்சை நிலையத்திற்குத் திரும்பினால், தாளில் அகப்பட்டவரை மருத்துவரோ உளநூல் பயிற்சி பெற்றவரோ விரிவாக விசாரிக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்பது அறிகுறிகளைக் கூறுகிறது. 12 மாதங்களுக்குள் அவற்றில் நான்கேனும் இருந்தால் நோய் என்பது முடிவு. மனக்கிளர்ச்சி நோயின் வேகத்தில் சிலர் பணத்தை வாரி இறைப்பர்; அது சூதுநோயாகாது. நோயாளி உண்ணும் மருந்துகளையும் பார்க்க வேண்டும். நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்ஸோல் போன்ற மருந்துகள் சிலரிடம் அடக்க முடியாத சூதுவேட்கையை எழுப்புகின்றன. உளநோய்க்குத் தரப்படும் அரிபிப்ரஸோல் பற்றியும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016-இல் இத்தகைய எச்சரிக்கை விடுத்தது. அவ்வாறான நிலையில் மருந்தை மாற்றுவதே சிகிச்சை. ஆனால் மருத்துவரைக் கேளாமல் நோயாளி தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது.

ஒருமுறை கேட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. சேர்ந்த நாளில் நோயாளி மயக்கத்திலும் நடுக்கத்திலும் இருப்பார். அப்போது ஒரு சிறு கேள்வி போதும். உடல் தேறியபின், இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில், முறையாகக் கேட்க வேண்டும். வீடு திரும்பிய மூன்றாம் மாதத்தில் மறுபடியும் கேட்பது மிக முக்கியம். குடியை விட்டவருக்கு மாலைப்பொழுது நீண்டதாகிறது. கையில் பணமும் இருக்கிறது. பழைய நண்பர்கள் கூடும் இடமோ மாறவில்லை. முன்பு சிறிதளவே ஆடியவரும் அப்போது ஆழமாக இறங்குவதுண்டு. அம்பர்நாத் தொழிலாளியின் கதையில் கைதவறிப் போனது இந்த மூன்றாம் மாதக் கேள்வியே.

கடன் மிகுந்த சூதுநோயாளியிடம் ஒரு கேள்வியை விட்டுவிடவே கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதுண்டா என்பதே அது. சூதுநோயாளரிடையே தற்கொலை முயற்சி மிகுதி. மறைத்து வைத்த கடன் வீட்டாருக்குத் தெரியவரும் நாளே மிக ஆபத்தான நாள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. உண்டென்று சொன்னால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி-மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. போதை மீட்புக்குரிய தேசிய உதவி எண் 14446. இவ்விரண்டையும் நோயாளியின் கைப்பேசியிலேயே பதிந்து கொடுத்தல் நலம்.

சிகிச்சை முறைகளுள், எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாகத் திருத்தும் உரையாடற் சிகிச்சைக்கே நல்ல ஆதாரம் உண்டு. குடிநோய்க்குத் தரப்படும் நால்ட்ரெக்ஸோன் என்னும் மருந்து சூதுவேட்கையையும் சிலரிடம் தணிப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. எனினும் இந்நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. குடிநோயாளர் தோழமைச் சங்கத்தைப் போலவே சூதுநோயாளருக்கும் 1957-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு தோழமை இயக்கம் தோன்றியது. மும்பை வட்டாரத்தில் 1901-இல் நிறுவப்பட்ட தாணா மனநல மருத்துவ மனையும், பாந்திராவில் 1981-இல் தொடங்கிய கிருபா நிறுவனமும், அப்பால் புணேயில் 1986 முதல் இயங்கும் முக்தாங்கண் நிலையமும் போதை மீட்பில் பெயர்பெற்றவை. தமிழரிடம் தமிழிலேயே கேட்டு முதற்செய்தியைத் திரட்டிக் கொடுத்தால், மராத்தியும் இந்தியும் பேசும் மருத்துவருக்கு அது பேருதவியாகும்.

பணத்தைப் பற்றிய ஏற்பாடு மருந்துக்குச் சமமானது. நோயாளியின் இசைவோடு, சம்பளம் சேரும் வங்கிக் கணக்கைச் சில மாதங்கள் மனைவியோ தாயோ கவனித்து வரலாம்; அன்றாடச் செலவுக்கு மட்டும் ரொக்கம் கையில் இருக்கலாம். பணம் செலுத்தும் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்க வேண்டும். கடன் முழுவதையும் உறவினர் ஒரேயடியாக அடைத்துவிட முன்வருவதுண்டு. அன்பினால் செய்வதே ஆயினும் அது சூதுநோயாளிக்குப் புதிய முதலாகிவிடக்கூடும். கடன்காரர்களின் பெயரையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி, நோயாளியே மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தீர்க்குமாறு செய்தல் தகும். அத்தாளை ஒவ்வொரு வருகையின்போதும் பணியாளர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் எழுதப்படாத கடன் ஒன்று உண்டா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.